வெற்றுத் துகளையும் சோதிக்கப் பணம் கொடுங்கள்: ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதிக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும், விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் நிபுணர்களுக்கும் வணக்கம்.

தடுப்பூசிக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கும் நானோ துகள்களும் ஜெல்களும் செய்து பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உங்களிடம் பணம் கேட்டு எழுதுவதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான். ஆகவே இந்த மடலில் சுயநலம் துளிகூட இல்லை என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் நான் கேட்கப்போவது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயோமெட்டீரியலை, அதாவது உடம்புக்குள் வைப்பதற்காகச் செய்த பொருளை, வைத்து நோயெதிர்ப்பைத் திசைதிருப்பும் எந்தத் திட்டத்துக்கு நிதி கொடுத்தாலும், அந்தப் பொருள் மட்டும், உள்ளே ஆன்டிஜெனோ (நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்க்கும் மூலக்கூறு) மருந்தோ இல்லாமல், உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விடாமல், அதைக் கட்டாயமாக்குங்கள்.

உங்கள் படிவங்களை எடுத்துப் பாருங்கள். துகளில் எதை ஏற்றப் போகிறீர்கள், எந்தச் செல்லுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள், எவ்வளவு போய்ச் சேரும் என்ற கேள்விகள் வரிசையாக வரும். ஏற்றிக்கொண்டு போகிற பொருளே வழியில் எதைக் கிளப்பிவிடும் என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் பாதுகாப்பு என்ற தலைப்பில் அரைப் பத்தி இருக்கும். எலியின் எடை குறைந்ததா, கல்லீரல் என்சைம் ஏறியதா என்று இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் முன்னால் ஒரு பொருளை வைத்துவிட்டு, அந்த மண்டலம் அந்தப் பொருளைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்காமல் விடுவது எனக்கு வினோதமாகத்தான் படுகிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கம் கிடையாது. 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னியும் அவரது குழுவினரும் டிப்தீரியா டாக்சாய்டை, அதாவது வீரியம் நீக்கிய டிப்தீரியா நச்சை, அலுமினியம் உள்ள படிகாரத்தோடு சேர்த்து வீழ்படிவாக்கி, கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டார்கள். டாக்சாய்டைத் தனியாகப் போட்டபோது கிடைத்ததை விட எதிர்ப்பாற்றல் நன்றாக ஏறியது. அன்று பிறந்ததுதான் அலுமினிய அட்ஜுவன்ட், அதாவது தடுப்பூசியோடு சேர்ந்து எதிர்ப்பைக் கூட்டிக் கொடுக்கும் துணைப் பொருள். இன்றும் ஏகப்பட்ட தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: ஊசி போட்ட இடத்தில் கட்டியாக உட்கார்ந்துகொண்டு ஆன்டிஜெனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் பாடப்புத்தகங்களில் பல தலைமுறைகளுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

2012இல் ஒரு குழு அதை நேரடியாகச் சோதித்தது. எலிக்கு ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஊசி போட்ட இடத்தையே அறுத்து எடுத்துவிட்டார்கள். கசியவிடுவதற்குக் கட்டியே இல்லை. ஆனாலும் ஆன்டிபாடி, அதாவது ஆன்டிஜெனைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், குறையவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2008இல், அலுமினிய உப்பு செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்ற எச்சரிக்கை அமைப்பைத் தட்டி எழுப்புகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். சரி, இதுதான் விடை போலிருக்கிறது என்று பார்த்தால், அந்த அமைப்பு இல்லாத எலிகளிலும் ஆன்டிபாடி நன்றாகவே வருகிறது என்று வேறு ஆய்வகங்கள் சொல்லின. இன்னும் முழு உடன்பாடு வரவில்லை. நோயெதிர்ப்பியல் அறிஞர் சார்லஸ் ஜேன்வே 1989இலேயே அட்ஜுவன்ட்களை நோயெதிர்ப்பியலாளர்களின் 'அழுக்கான சின்ன ரகசியம்' என்று சொன்னார். அது சொல்லப்பட்டபோது படிகாரத்துக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

வேலை செய்கிறது, போதாதா, ஏன் என்று எதற்குக் கேட்க வேண்டும் என்பீர்கள். ஏன் என்று தெரியாத பொருளை வேறு நோய்க்கு, வேறு வயதினருக்கு மாற்றிப் பொருத்த முடியாது. எங்கே கைவிடும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பொருளின் நிலை மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிடங்கில் செய்கிற குலுக்கல் சோதனையே போதும். அலுமினியம் சேர்ந்த தடுப்பூசி உறைந்துபோயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதே தொகுதியிலிருந்து ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, பிறகு உருக்கிக்கொள்வார்கள். சந்தேகப்பட்ட குப்பியையும் இதையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அரை மணி நேரம் வரை பார்ப்பார்கள். உறையாத குப்பியில் திரவம் வெகுநேரம் சீராகக் கலங்கியே நிற்கும். உறைந்ததில் திட்டுத் திட்டாகத் திரிந்து, படிவு விறுவிறுவென்று கீழே இறங்கும், மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். இரண்டு குப்பியிலும் சேர்த்த ஆன்டிஜென் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அலுமினியத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட விதம் மாறிவிட்டது. அவ்வளவுக்கே தடுப்பூசியின் வீரியம் போய்விடுகிறது.

அளவும் மேற்பரப்பும் எவ்வளவு பேசும் என்பதை 2007இல் வந்த ஒரு வேலை அழகாகக் காட்டியது. எலியின் தோலுக்குள் 25 நானோமீட்டர் துகளையும் 100 நானோமீட்டர் துகளையும் செலுத்திப் பார்த்தார்கள். சின்னது திசுத் திரவத்தோடு வழிந்து தானாகவே நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே குடியிருக்கும், ஆன்டிஜெனை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக் கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்களுக்குள் நுழைந்தது. பெரியது அந்த அளவுக்குப் போகவில்லை. இதோடு நின்றிருந்தால் அது வெறும் போக்குவரத்துச் செய்தி. அப்புறம் அவர்கள் துகளின் மேற்பரப்பில் தொங்கும் சங்கிலிகளின் நுனியை மட்டும் மாற்றினார்கள். நுனியில் ஹைட்ராக்சில் என்ற அணுக்கூட்டம் இருந்தபோது ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் கிளர்ந்தெழுந்தன, டென்ட்ரிடிக் செல்கள் முதிர்ந்தன. ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் மீத்தாக்சி வைத்ததும் அந்தத் தூண்டல் அடங்கியது. தனியாக அட்ஜுவன்ட் என்று எதையும் சேர்க்கவே இல்லை. சங்கிலியின் நுனியில் ஓர் அணுக்கூட்டம் இருப்பதா இல்லையா என்பது அட்ஜுவன்ட்டின் வேலையைச் செய்துவிட்டது.

இதே நுணுக்கத்தை உடம்புக்குள் வைக்கும் கருவிகளிலும் பார்க்கலாம். 2015இல் வந்த ஆய்வில், அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளைச் சுற்றி எலிகளின் உடம்பு தழும்புத் திசுவைக் கட்டிவிட்டது. அதே பொருளில் ஒன்றரை மில்லிமீட்டரில் செய்த உருண்டைகளை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யவில்லை. குரங்கினங்களிலும் அதே போக்குத்தான். பொருள் ஒன்று, வேதியியல் ஒன்று, விட்டம் மட்டும் வேறு. முன்கூட்டி யாராவது ஊகித்திருப்பார்களா? நான் ஊகித்திருக்க மாட்டேன்.

இப்போது எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் பணம் கொடுத்த இடமும் அதுதான், நான் சொல்ல வருவதற்கு மிகப் பெரிய உதாரணமும் அதுதான்.

லிப்பிட் நானோ துகள் செய்வதை நேரில் பார்த்திராத உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இரண்டு சிரிஞ்ச். ஒன்றில் எத்தனாலில் கரைத்த நான்கு வகைக் கொழுப்புகள்: அமிலச் சூழலில் மின்னேற்றம் பெறும் அயனியாகும் லிப்பிட், ஒரு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி ஒட்டிய லிப்பிட். இன்னொன்றில் பிஎச் 4 அளவுள்ள கரைசலில் எம்ஆர்என்ஏ, அதாவது செல் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. இரண்டும் தலைமுடி அகலக் கால்வாய் ஒன்றில் சந்தித்துக் கலந்து வெளியே வரும்போது துகள் உருவாகிவிட்டிருக்கும். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலச் சாயல் தெரியும். நீலம் மாறி வெளுப்பாகத் தெரிந்தால் துகள் பெருத்துவிட்டது என்று, அளக்கும் கருவியிடம் போவதற்கு முன்பே மனசுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எத்தனாலை நீக்கி, ரத்தத்தின் பிஎச் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தத் துகளின் வேலை எம்ஆர்என்ஏவைப் பத்திரமாகச் செல்லுக்குள் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் அங்கீகாரம் பெற்ற பாட்டிசிரான் மருந்திலும் இப்படிப்பட்ட துகள்தான். அங்கே அதன் பொறுப்பு கல்லீரலுக்கு ஆர்என்ஏவைச் சேர்ப்பது. 2020 டிசம்பரில் கோவிட் தடுப்பூசிகள் வந்தன, கோடிக்கணக்கான கைகளில் ஊசி ஏறியது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், ஒரு கட்டுரை வந்தது. எம்ஆர்என்ஏ இல்லாத வெற்று லிப்பிட் துகளைச் சாதாரணப் புரத ஆன்டிஜெனோடு கலந்து எலிக்குப் போட்டிருந்தார்கள். நிணநீர்க் கணுவில், ஆன்டிபாடி செய்யும் பி செல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் டி செல்கள் பெருகின, தரமான ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுக்கும் ஜெர்மினல் சென்டர்கள் செழித்தன. அயனியாகும் லிப்பிடை எடுத்துவிட்டால் அந்தச் சக்தி போய்விட்டது. ஐஎல்-6 என்ற செய்தி மூலக்கூறை முடக்கினாலும் விளைவு சரிந்தது. ஆக, துகள் தானே ஓர் அட்ஜுவன்ட்.

நல்ல செய்திதானே என்று கேட்கலாம். தடுப்பூசிக்கு நல்ல செய்திதான். அதே துகளை, உடம்பில் இல்லாத ஒரு புரதத்தை மாதாமாதம் செய்து கொடுப்பதற்குப் போடப் போகிறோம் என்று வையுங்கள். அல்லது தன்னுடலையே தாக்கும் டி செல்களை அமைதிப்படுத்தப் போடப் போகிறோம் என்று வையுங்கள். அங்கே இந்த அட்ஜுவன்ட் குணம் காலை வாரிவிடும். 2021 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு, எலிகளில், நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயை எம்ஆர்என்ஏ வழியாகத் தணித்துக் காட்டியது. அதற்காக அவர்கள் எம்ஆர்என்ஏவையே அழற்சியைக் கிளப்பாதபடி மாற்றி அமைத்திருந்தார்கள். தூண்ட வேண்டிய வேலைக்கு ஒரு துகள், அடக்க வேண்டிய வேலைக்கு வேறு துகள் என்று தெரிந்து பிரிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் வெறுமையாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். அப்படி ஒப்பிடத்தக்க குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன, பெரும்பாலும் துணைத் தரவுக் கோப்புகளின் அடியில்.

பொருள் தான் ஏற்றியிருக்கும் சரக்கையே கெடுக்கவும் கூடும். அயனியாகும் லிப்பிட் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதிலிருந்து வரும் துணுக்குகள் எம்ஆர்என்ஏவோடு பிணைந்துகொண்டு, அதைப் புரதமாக மொழிபெயர்க்க முடியாதபடி ஆக்கிவிடுகின்றன என்று 2021இல்தான் வெளியே எழுதப்பட்டது. பொருளைத் தனியாக, நாள்பட வைத்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வெற்றுத் துகளே மருந்தான கதை. 2014இல், உடம்பில் கரையும் பிஎல்ஜிஏ என்ற பாலிமர் முதலிய பொருள்களில், 500 நானோமீட்டர் அளவில், மேலே எதிர்மின்னேற்றம் உள்ள துகள்களைச் செய்து, உள்ளே எதையும் ஏற்றாமல், எலிகளின் ரத்தத்தில் விட்டார்கள். அழற்சியை வளர்க்கும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அந்தத் துகளை விழுங்கின. விழுங்கியவை, நோயுள்ள இடத்துக்குப் போவதை விட்டுவிட்டு மண்ணீரலுக்குத் திரும்பி, அங்கேயே மடிந்தன. வெஸ்ட் நைல் வைரஸ் மூளைக் காய்ச்சல், மாரடைப்பு, குடல் அழற்சி என்று பல நோய் மாதிரிகளில் சேதம் குறைந்தது. மற்ற ஆய்வகங்களில் இந்த மாதிரித் துகள் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும் சாதாரணக் கட்டுப்பாட்டுக் குழு. அந்தப் பெட்டியில் இருந்த எலிகளைக் கூர்ந்து பார்த்ததால்தான் ஒரு சிகிச்சை யோசனையே பிறந்தது.

இதே குடும்பத்துத் துகளுக்குள் கோதுமையின் குளூட்டனில் இருக்கும் கிளியாடின் புரதத்தை ஏற்றி, குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகளுக்குக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனை 2021இல் வெளியானது. துகளைப் பெற்றவர்கள் பிறகு குளூட்டன் சாப்பிட்டபோது, கிளியாடினுக்கு எதிரான டி செல் கொதிப்பு, துகள் பெறாதவர்களை விடக் குறைவாக இருந்தது. சகிப்புத்தன்மையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இது பலமான அடிப்படை. அதில் கிளியாடினின் பங்கு எவ்வளவு, துகளின் பங்கு எவ்வளவு? அடுத்து வேறு நோய்க்கு வேறு புரதத்தை ஏற்றும்போது இந்தக் கணக்கு தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல், பிஎல்ஜிஏ கரையும்போது லாக்டிக் அமிலம் வெளியே வருகிறது. லாக்டிக் அமிலம் டென்ட்ரிடிக் செல்களை மந்தமாக்கும் குணமுள்ளது. வேகமாகச் சிதையும் வேறு சில பாலிமர்களில், சங்கிலி உடைந்து ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு வரும்போதுதான் தூண்டல் உச்சத்துக்குப் போய், பிறகு தணிகிறது. அதாவது முதல் நாள் இருக்கும் பொருளும் பத்தாம் நாள் இருக்கும் பொருளும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு ஒன்று கிடையாது. விண்ணப்பங்களில் வெற்றுத் துகளுக்கு ஒரே ஒரு நேரம் குறித்திருப்பார்கள், பெரும்பாலும் 24 மணி நேரம். அதை வைத்துக்கொண்டு பொருள் செயலற்றது என்று எழுதிவிடுவார்கள். நீங்களும் சரி என்று அடையாளம் போட்டுவிடுகிறீர்கள்.

எங்கள் விண்ணப்பம் ஒன்றுக்கு வந்த மதிப்பீட்டுக் குறிப்பு இந்த மடலுக்கு ஓர் உடனடிக் காரணம். வெற்றுத் துகளைச் சிதைவின் பல கட்டங்களில் சோதிப்பதற்கென்று எலிகளும் நாட்களும் கேட்டிருந்தோம். 'ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட பாலிமர், தேவையற்ற செலவு, புதுமை இல்லை' என்று எழுதி அந்தப் பகுதியை வெட்டியிருந்தார்கள். எழுதியவர் யார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஏனென்றால் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எல்லா இடத்திலும் கேட்டுவிட்டேன்.

அங்கீகரிக்கப்பட்ட பாலிமர் என்ற வாதம் அடிப்படையிலேயே ஆட்டம் காண்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் அங்கீகாரம் கொடுப்பது முழுத் தயாரிப்புக்கு: இந்த மருந்து, இந்த அளவு, இந்த வழி, இந்த நோய். பிஎல்ஜிஏ கரையும் தையல் நூலாகவும், ஹார்மோன் மருந்தை மாதக்கணக்கில் கசியவிடும் நுண்கோளமாகவும் பல காலமாக உடம்புக்குள் போய்வந்துகொண்டிருக்கிறது, உண்மைதான். அதனால் 500 நானோமீட்டரில், ரத்த நாளம் வழியாக, எதிர்மின்னேற்றத்தோடு போனாலும் அது வாயைத் திறக்காது என்று ஆகிவிடுமா? 2014இன் அந்த எலிகள் இதற்குப் பதில் சொல்லிவிட்டன.

பெக் விஷயத்திலும் இதுதான் நடந்தது. புரதங்களும் செல்களும் ஒட்டாத, எதிர்ப்பைத் தூண்டாத சங்கிலி என்று நம்பி மருந்துகளின் மேல் அதைப் போர்த்தினார்கள். பெக்குக்கு எதிரான ஆன்டிபாடிகள் வரக்கூடும் என்ற எச்சரிக்கை விலங்கு ஆய்வுகளிலிருந்து முன்பே வந்துகொண்டிருந்தது. ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் பெக்னிவாகோஜின் என்ற மருந்தின் பெரிய சோதனை, கடுமையான ஒவ்வாமை காரணமாக 2014இல் நிறுத்தப்பட்டது. பிறகு ஆராய்ந்தபோது, மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி முன்கூட்டியே அதிக அளவில் இருந்தது தெரிந்தது. மூன்றாம் கட்டச் சோதனையின் நடுவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? அதற்கு ஆகும் செலவில் எத்தனை வெற்றுத் துகள் ஆய்வுகளை முடித்திருக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றுத் துகள் குழுவை எல்லோரும் ஏற்கெனவே வைக்கிறார்களே என்ற பதிலும் வரும். வைக்கிறார்கள், ஆனால் அரைகுறையாக. இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிப்பிட் துகளில் எம்ஆர்என்ஏவை எடுத்துவிட்டால் கிடைப்பது, ஏற்றிய துகளின் காலி வடிவம் கிடையாது. அளவு மாறும், உள்ளமைப்பும் மாறும். ஆகவே ஒரு வெற்றுத் துகள் போதாது. நோய்க்குச் சம்பந்தமில்லாத எம்ஆர்என்ஏவை ஏற்றிய துகள் ஒன்றும் வேண்டும், ஆன்டிஜெனை உள்ளே ஏற்றாமல் பக்கத்தில் கலந்து மட்டும் வைத்த குழு ஒன்றும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பொருளின் பங்கைப் பிரித்தெடுக்க முடியும்.

அடுத்தது எண்டோடாக்சின். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் இந்த நச்சு, கண்ணாடிப் பாத்திரத்திலும் வாங்கிய பாலிமரிலும் தண்ணீரிலும் ஒட்டிக்கொண்டு வரும். மிகச் சிறிய அளவிலேயே நோயெதிர்ப்புச் செல்களைக் கொதிக்க வைத்துவிடும். குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த வினைபொருளை வைத்து அதைக் கண்டுபிடிப்பது வழக்கம். நானோ துகள்கள் அந்தச் சோதனையிலேயே குறுக்கே நிற்கும். சில துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பொய்யான அளவு காட்டும், சில நச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு மறைக்கும். துகளோடு தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் சோதனையை நம்ப முடியும். இதைச் செய்யாமல் வெளியான 'எங்கள் பாலிமர் இயல்பிலேயே அட்ஜுவன்ட்' என்ற அறிவிப்புகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். அது பாலிமரின் குணமா, குழாய்த் தண்ணீரின் குணமா என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் எலி. சுத்தமான கூண்டில், நோய்க்கிருமி எதையும் பார்க்காமல் வளர்ந்த இளம் எலியின் நோயெதிர்ப்பு மண்டலம், வளர்ந்த மனிதரை விடப் பிறந்த குழந்தையின் மண்டலத்துக்குத்தான் நெருக்கம் என்று 2016இல் காட்டினார்கள். செல்லப்பிராணிக் கடையிலிருந்து வாங்கிய எலிகளோடு சேர்த்து வளர்த்ததும் ஆய்வக எலிகளின் மண்டலம் பெரியவர்களுடையது போல மாறியது. உணரும் கருவிகளும் இடம் மாறி இருக்கின்றன. பாக்டீரியாவில் அதிகமுள்ள சிபிஜி வகை டிஎன்ஏவை உணரும் டிஎல்ஆர்9 என்ற புரதம் எலியில் பல வகைச் செல்களில் இருக்கிறது, மனிதரில் பெரும்பாலும் பி செல்களிலும் ஒரு வகை டென்ட்ரிடிக் செல்லிலும்தான். பொருளின் குணத்தை ஒரே வகை எலியில், ஒரே வயதில் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதற்கு நீங்கள் கொடுக்கும் பணம் பாதி வீண். வயதான எலி, முன்பே தொற்றைக் கண்ட எலி, மனித ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் என்று கொஞ்சம் விரித்துக் கேட்பவர்களை வெட்டாதீர்கள்.

மனிதர்களுக்கு வெற்றுத் துகள் ஊசி போடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயனில்லாத ஊசியை நோயில்லாதவருக்குப் போடுவதில் நெறிமுறைச் சிக்கல் உண்டு. ஆனால் மனிதச் சோதனையிலும் பொருளின் பங்கைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அக்கித் தடுப்பூசியின் ஆரம்பச் சோதனை ஒன்றில், வைரஸின் ஒரே புரதத்தை அட்ஜுவன்ட்டின் முழு அளவோடும், பாதி அளவோடும், வெறும் உப்புக் கரைசலிலும் கொடுத்துப் பார்த்தார்கள். லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழுக்குள் ஒரு பாக்டீரியக் கொழுப்பும், கியுலாயா மரப்பட்டையிலிருந்து எடுத்த, சோப்புப் போன்ற கியூஎஸ்-21 சப்போனினும் சேர்ந்தது அந்த அட்ஜுவன்ட். புரதம் மட்டும் போனவர்களுக்கு எதிர்ப்பு தாழ்வாகவே இருந்தது, அட்ஜுவன்ட் அளவுக்கு ஏற்ப ஏறியது. அந்தக் கலவைதான் பிறகு 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக் கொடுத்த தடுப்பூசியாக 2017இல் வந்தது. முதுமையில் நோயெதிர்ப்பு தளரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டிருந்த இடத்தில், பொருளைத் தெரிந்து பொருத்தியதால் கிடைத்த பலன் இது. இதே அட்ஜுவன்ட் குடும்பம்தான் 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியிலும் இருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்டிஜெனை ஒரே ஊசியாகப் போடாமல், இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக்கொண்டே போட்டால் ஜெர்மினல் சென்டர்கள் அதிக நாள் தாக்குப்பிடிக்கின்றன. 2022இல் குரங்குகளில் அவை ஆறு மாதத்துக்கும் மேல் இயங்கியதைக் காட்டினார்கள். இரண்டு வாரத்தில் ஏழு தடவை ஊசிக்கு வா என்று யாரையும் கூப்பிட முடியாது. அந்த வேலையை ஒரே ஊசியில் செய்ய வேண்டியது பொருள்தான். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்வந்திருப்பவற்றில் நம் பழைய படிகாரத்தின் குடும்பமும் ஒன்று. ஆன்டிஜெனில் பாஸ்போசெரீன் என்ற அமினோ அமிலத்தாலான வாலை ஒட்டிவிட்டால் அது அலுமினிய உப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, நாள்கணக்கில் மெதுவாக வெளியேறுகிறது. கிளென்னி காலத்துப் பொருளை, அதன் மேற்பரப்பு வேதியியலைப் புரிந்துகொண்டதும் புதிதாக்கிக்கொள்ள முடிந்தது. புதுமைக்கு மதிப்பெண் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த அழைப்பில், படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: பொருள் மட்டும் தனியாக, சிதையும் காலம் முழுவதும், நோயெதிர்ப்பு மண்டலத்தில் என்ன செய்கிறது, அதை எப்படிப் பார்க்கப் போகிறீர்கள்? பதில் எழுத இரண்டு பக்கம் கொடுங்கள். பட்ஜெட்டில் அதற்குத் தனித் தலைப்பு வையுங்கள், குறைக்க வேண்டி வந்தால் முதலில் கைவைக்க முடியாத தலைப்பாக வையுங்கள். எண்டோடாக்சின் சோதனையை எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். நிதி பெற்றவர்கள் வெற்றுத் துகள் முடிவுகளை, நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆய்வகமும் அதே பிஎல்ஜிஏவை மறுபடி மறுபடி முதலிலிருந்து சோதித்துக்கொண்டிருக்கும் செலவு அதில் மிச்சமாகும்.

மதிப்பீட்டாளர்களிடம் தனியாக ஒன்று. இந்த வகைச் சோதனையைப் புதுமை என்ற தலைப்பின் கீழ் எடைபோடாதீர்கள், அங்கே அது எப்போதும் தோற்கும். நம்பகத்தன்மை என்ற தலைப்பு உங்கள் தாளிலேயே இருக்கிறது, அங்கே வைத்துப் பாருங்கள்.

இதனால் ஒவ்வொரு திட்டமும் கொஞ்சம் மெதுவாகும், செலவு கூடும், நீங்கள் கொடுக்கும் மொத்த எண்ணிக்கை குறையும். அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் விண்ணப்பமே அந்தக் குறைப்பில் விழுந்துபோகலாம். அப்படியே ஆனாலும் கோரிக்கை மாறாது.

எங்கள் ஆய்வகத்தில் மூன்று வகைக் கட்டுப்பாட்டுக் குழுக்களையும் அமைக்கும் செய்முறைக் குறிப்பையும், எண்டோடாக்சினைச் சேர்த்து மீட்கும் சோதனைக்கான படிவத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். படிவத்தை மாற்றும் குழு எதுவானாலும் கேட்டால் அனுப்பிவைக்கிறோம், கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
துகள் செய்யும் மேசையிலிருந்து ஓர் ஆய்வாளர்